எட்டாவது கயிறு

பின்னல் கோலாட்டத்துக்கு ஆள் இரட்டைப்படையில் வேண்டும். எட்டுப் பேர் என்றால் எட்டு வண்ணக் கயிறு. உச்சியில் ஒரு வளையத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஒரு கையில் கயிறு, மறு கையில் கழி. பாதிப் பேர் ஒரு திசையிலும் மீதிப் பேர் எதிர்த்திசையிலுமாக, ஒருத்திக்கு உள்ளே, அடுத்தவளுக்கு வெளியே என்று புகுந்து புகுந்து வர, மேலிருந்து சடை இறங்கும். அதே அடிகளைத் திருப்பிப் போட்டால் சடை அவிழும். ஒருத்தி தடம் மாறினாலும் முடிச்சு விழுந்துவிடும்.

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் என் பாட்டி ஆடியது இதைத்தான். 2007இல் அந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. எங்கள் வீட்டில் இன்னும் பழைய பெயர்தான். விடியுமுன் பெரட்டு என்கிற ஆள்கணக்கு, பிறகு வெட்டுக்காடு, பால் நிறுத்துவிட்டு வீடு திரும்பினால் பிற்பகல். அந்திக்கு மாரியம்மன் கோயில் திடலில் பழக்கம். பழக்கிய வாத்தியாரும் காலையில் பால்மரம் வெட்டியவர்தான். “யாரையும் போய்க் கூப்பிட வேணாம்மா. ரெண்டு தட்டுத் தட்டுனா லயம் பூராவும் கேக்கும், எல்லாரும் வந்துருவாங்க” என்பார் பாட்டி. லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆட்டத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தத் திடல்தான் நினைவுக்கு வந்தது. ஆறு ஆண்கள், சலங்கைபோல் காலில் மணிகள், சில ஆட்டங்களில் கைக்குட்டை, சிலவற்றில் கழிக்குக் கழி மோதல். மே மாதக் கம்பத்தில் நாடா கட்டிக் குழந்தைகள் பின்னி அவிழ்க்கும் ஆட்டமும் அந்த நாட்டில் உண்டு. 1899இல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஹெடிங்டனில் செசில் ஷார்ப் என்ற இசையாசிரியர் ஒரு மோரிஸ் குழுவைப் பார்த்தார். அது ஆடுகிற பருவமே அல்ல. கடுங்குளிரில் கட்டட வேலை நின்றுபோனதால், நாலு காசுக்காக ஆட வந்தவர்கள். கான்சர்டினா வாசித்த வில்லியம் கிம்பர் ஒரு கொத்தனார். ஷார்ப் அவரிடம் மெட்டுகளைக் கேட்டு எழுதிக்கொண்டார். பின்னாளில் அடிகளையும் எழுதினார். 1911இல் நாட்டார் ஆட்டத்துக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்.

எங்கள் திடலுக்கு அப்படி ஒருவர் நோட்டோடு வரவில்லையே என்ற ஆற்றாமை எனக்கு வெகுநாள் இருந்தது. ஆனால் ஷார்ப்பின் கதை அத்தோடு முடியவில்லை. ஊர் ஊராகப் போய் ஆடிக்காட்ட அவர் பயிற்றுவித்த ஆண்களில் நால்வர், இசையமைப்பாளர் ஜார்ஜ் பட்டர்வொர்த் உட்பட, 1916இல் முதல் உலகப் போரில் மாண்டார்கள். அடிகளெல்லாம் ஏட்டில் பத்திரமாக இருந்தன. ஆடிய கால்கள் இல்லை.

எங்கள் வட்டாரத்தில் கால்களைக் கலைத்தது போர் அல்ல. 1917இல், பத்தாங் பெர்ஜுந்தை அடங்கிய கோல சிலாங்கூர் மாவட்டத்தில், ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். தோட்டத்தின் பெயர் தென்னமரம். 1930இல் மலாயாவைப் பற்றிய நாவலுக்குப் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றவரும் அவரே. அறுபதுகளுக்குப் பிறகு ரப்பர் மரங்கள் சாய்ந்த இடமெல்லாம் செம்பனை ஏறியது. ரப்பருக்குத் தேவைப்பட்ட அத்தனை கைகள் அதற்குத் தேவையில்லை. சில தோட்டங்கள் வீடமைப்புக்கு விலைபோயின. லயத்துச் சனம் ராவாங், கிள்ளான், ஷா ஆலம் என்று சிதறி அடுக்குமாடிகளில் ஏறியது.

சினிமாவும் தொலைக்காட்சியும்தான் கோலாட்டத்தைக் கொன்றன என்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். காவடி வாழ்கிறதே! அது ஒருவர் நேர்த்தி, ஒருவர் தோள். உறுமி மேளத்துக்கும் இளைஞர்களிடம் குறைவில்லை. நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு குழு. பின்னல் கோலாட்டம் கேட்பது வேறு: ஒரே நேரத்தில் வேலை முடிகிற, கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிற, வாரக்கணக்கில் மாலைகளைத் தரக்கூடிய எட்டுப் பேர். லய வாழ்க்கைக்கு நான் ஏங்கவில்லை. ஒழுகும் கூரையையும் குழாயடிச் சண்டையையும் பாட்டியே வேண்டாம் என்பார். ஆனால் வேலைக்காக நெருக்கி அடைத்த அந்த வரிசை வீடுகளிலிருந்துதான் அவர்கள் இந்தச் சடையைப் பின்னி எடுத்தார்கள். அது பெரிய சாதனை என்றே நினைக்கிறேன்.

இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு மறுபடி ஆட முயல்கிறோம். அடுக்குமாடிக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில், ஞாயிற்றுக்கிழமை மட்டும். கடையில் வாங்கிய நைலான் கயிறு, வழுக்குகிறது. பாட்டி நாற்காலியில் அமர்ந்து கழியால் தாளம் தட்டுகிறார். இதுவரை ஏழு பேர்தான் சேர்ந்திருக்கிறோம். “ஏழு பேர வச்சிப் பின்ன முடியாதும்மா, சும்மா சுத்திப் பழகுங்க” என்றார். சுற்றிப் பழகினோம். எட்டாவது கயிற்றை மேலே வளையத்திலேயே சுருட்டிக் கட்டியிருக்கிறோம். ராவாங்கில் இருக்கும் ஒருத்தி, ஷிப்ட் மாறினால் வருகிற ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.