அரைத் தீவு

பனி என்ற சொல்லை நாம் தாராளமாகச் செலவழித்துவிட்டோம். விடிகாலையில் புல் நுனியில் நிற்பதும் பனி. மார்கழியில் மூக்கை அடைப்பதும் பனி. வருஷத்தை ஆறாகப் பகுத்தபோது முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவங்களையே அதற்குக் கொடுத்தோம். வெயில் வந்ததும் போய்விடுவதுதான் இந்தப் பனியின் குணம். நம் கவிதையிலும் அது பெரும்பாலும் நிலையாமைக்கு உருவகமாகத்தான் வேலை செய்கிறது. நூற்றாண்டுகளாகக் கெட்டித்து, தன் கனத்தாலேயே நகர்ந்து, மலையை அரைத்துக்கொண்டு கடலுக்கு வருகிற ஒன்றுக்கு, அதே சொல்லோடு ஆற்றையும் ஒட்டவைத்துப் பனியாறு என்கிறோம். இந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் ஸ்வால்பார்டு போய்ச் சேர்ந்தேன்.

நார்வேயின் வடகரைக்கும் துருவத்துக்கும் நடுவில் இருக்கிற தீவுக்கூட்டம் அது. 1920-ல் பாரிசில் கையெழுத்தான ஒப்பந்தம் அதை நார்வேயின் ஆட்சிக்குக் கீழ் கொண்டுவந்தது. கையெழுத்திட்டவர்களில், சாம்ராஜ்யத்தின் பகுதியாக, இந்தியாவும் உண்டு. மேற்குக் கரையில் கொங்ஸ்ஃபியோர்டன் என்ற ஃபியோர்டு நிலத்துக்குள் நீண்டு போகிறது. பழைய பனியாறு குடைந்துவிட்டுப் போன பள்ளத்தில் கடல் வந்து நிரம்பினால் அது ஃபியோர்டு. ஆக, எதன் மீது எங்கள் கப்பல் மிதந்ததோ அதுவே பனி விட்டுப்போன இடம்தான். கப்பலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெந்நீரும் மெத்தையும் சூப்பும் உள்ள விடுதி, நகர்கிறது, அவ்வளவுதான். ஜூலை மாதம். சூரியன் அஸ்தமிப்பதில்லை. அங்கே ஒரு நாள் என்பது கடிகாரம் சொல்லி நாம் நம்புவது.

அந்த நாளின் காலையில் ரப்பர் படகுகளில் ஒரு கரையில் இறங்கினோம். கரடி வந்தால் என்ன செய்வது என்று சொல்லிவிட்டு, துப்பாக்கியைத் தோளில் மாட்டிய வழிகாட்டி முன்னே நடந்தார். நீராவிக் கொதிகலன், தண்டவாளத் துண்டுகள், பளு தூக்கும் இயந்திரம், எல்லாம் துரு. 1911-ல் எர்னஸ்ட் மான்ஸ்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர் இங்கே பளிங்கு வெட்ட வந்தார். இடத்துக்குப் புது லண்டன் என்று பெயர் வேறு. ஆனால் கல்லை உறைபனி உள்ளுக்குள்ளேயே நொறுக்கி வைத்திருந்தது. வெட்டி எடுத்தது விலைக்கு உதவவில்லை. 1946-க்கு முந்திய மனிதத் தடயம் எதுவானாலும் ஸ்வால்பார்டில் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. அந்தத் துருவைத் தொடக்கூடாது என்றார்கள். எதிரே பனியாறு சுருங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பொருந்தும்படி அங்கே ஒரு சட்டமும் இல்லை, இருக்கவும் முடியாது.

நாங்கள் நின்ற நிலத்தின் பெயர் ப்ளூம்ஸ்ட்ரண்ட்ஹால்வொயா. ஹால்வொயா என்றால் நார்வே மொழியில் தீபகற்பம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அரைத் தீவு. பெயர் வைத்தவர்கள் பிழை செய்யவில்லை. ஒரு பக்கத்தில் பனியாறு அதைப் பெருநிலத்தோடு பிணைத்திருந்தது. பனிக்கு அடியிலும் நிலம் தொடர்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் பனி பின்வாங்கியபோது அங்கே இருந்தது கடல். அரைத் தீவு முழுத் தீவாகிவிட்டது. வரைபடத்தில் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

பிற்பகல் ஃபியோர்டின் உள்முனைக்கு, க்ரோனெப்ரேன் என்ற பனியாற்றின் முகப்புக்கு எதிரே போனோம். கோடையில் நாளுக்கு ஒரு மீட்டருக்கு மேல் கடலை நோக்கி நகர்கிறது அது. படகுக்காரர் நல்ல தூரத்தில் இயந்திரத்தை நிறுத்தினார். அப்போதுதான் சத்தம் கேட்டது. சுற்றிலும் மிதந்த துண்டுகள் பொரிந்துகொண்டிருந்தன, அடுப்பில் கடுகு வெடிப்பதுபோல. பனி இறுகிய காலத்தில் உள்ளே அகப்பட்ட காற்று, உருகும்போது குமிழ் குமிழாக உடைந்து வெளியேறுகிறது. யாரும் பேசவில்லை. ஆனால் அந்த மௌனம் கேட்பவர்களின் மௌனம் அல்ல. எல்லாக் கண்களும் காமிராக்களும் நீலச் சுவரின் ஒரு விரிசல் மேல் இருந்தன. விழ வேண்டும் என்று காத்திருந்தோம். நானும்தான்.

விழுந்தது. முதலில் ஓசையே இல்லாமல் ஒரு பாளம் சரிந்தது, பிறகு இடிமுழக்கம் வந்து சேர்ந்தது, பிறகு அலை. கிட்டிவேக் பறவைகள் கூட்டமாகப் பாய்ந்தன. அடியிலிருந்து பீறிடும் உருகுநீர் சிற்றுயிர்களை மேலே கொண்டுவருவதால் பனிமுகப்பு அவற்றுக்குச் சாப்பாட்டு இடம். பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் எனக்குக் கூச்சத்தைத் தந்தது. அன்றிரவு சாப்பாட்டு மேஜையில், ஒரு யுகத்தின் மரணத்தைப் பார்த்துவிட்டோம் என்று ஒருவர் கண்கலங்கிச் சொன்னது அதைவிட அதிகமாக. இரண்டும் ஒரே பார்வைதான் என்று தோன்றுகிறது. கடலைத் தொடும் பனியாறு உடைந்து விழத்தான் செய்யும். ஆரோக்கியமான பனியாறும் அப்படித்தான். பின்னாலிருந்து வருவது விழுந்ததை ஈடுசெய்கிறதா என்பதே கேள்வி. இழப்பு விழுதலில் இல்லை, முகப்பு பழைய இடத்துக்குத் திரும்பாததில் இருக்கிறது. அதற்கு ஓசை கிடையாது, காட்சி கிடையாது. வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர் இந்த ஃபியோர்டுக்குள் வருவது கூடி, 2006-க்குப் பிறகு குளிர்காலத்தில் கடல் முன்போல் உறைவது குறைந்துவிட்டதே, அதை எந்தப் படகிலிருந்து பார்ப்பது? சம்பவத்துக்கு ஏங்குகிற மனம் சம்பவமல்லாத மாற்றத்தைக் கண்டுகொள்வதில்லை. அழிவைப் பற்றிய நம் கவிதைகளில் பெரும்பாலானவை இடிமுழக்கத்துக்காகக் காத்திருப்பவை என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

தென்கரையில், நீ-ஓலசுன் என்ற பழைய நிலக்கரி ஊரில், 2008-லிருந்து ஹிமாத்ரி என்ற இந்திய ஆய்வு நிலையம் இருக்கிறது. 2014-ல் நம் விஞ்ஞானிகள் இதே நீரில் ஒரு கருவித்தொடரை நங்கூரமிட்டு இறக்கினார்கள். ஏறக்குறைய இருநூறு மீட்டர் ஆழமுள்ள இடத்தில் அது நீரின் வெப்பத்தையும் உப்பையும் குறித்துக்கொள்ளத் தொடங்கியது. விழுமா என்று கேட்காத ஒரு கவனம். அதைக் கவிதை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பொறுமையில் கொஞ்சமாவது கவிதைக்குத் தேவைப்படுகிறது.

திரும்பும்போது கப்பலின் வரைபடத்தில் காலையில் நின்ற இடத்தைத் தேடினேன். நாலு புறமும் நீலம். நடுவில் அரைத் தீவு என்று பெயர். நம் தீபகற்பம் என்ற சொல்லுக்கும் மூலத்தில் ஏறக்குறையத் தீவு என்பதுதான் பொருள். பெயரைத் திருத்திவிடலாம். திருத்தினால் வரைபடம் சரியாகும், அங்கே பனி இருந்தது என்பது போய்விடும். பொருள் விலகிப்போன பிறகும் இடத்தை விட்டு நகராமல் நிற்கிற அந்தச் சொல், நான் எடுத்த எந்தப் புகைப்படத்தையும்விட அதிகமாகச் சொல்கிறது.