இல்லாத பொருள் பழுதாகாது

வானொலி அறிவிப்பாளருக்குக் காதுதான் முதலீடு. அந்தக் காதோடு கார் ஓட்டுவதால், இஞ்சின் பேசுவதும் எனக்கு நன்றாகக் கேட்கும்.

பாகான் செராயில் இருக்கும் எங்கள் வீட்டுக் கார் பெரோடுவா அக்சியா. என் பெயரில் கடன், அப்பா கையில் சாவி. அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். விடியற்காலையில் கார் கிளம்பாவிட்டால் அன்றைய சிகிச்சையே தள்ளிப்போகும். அதனால் கார் வாங்கும்போது வேகத்தைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

998 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ கிடையாது. 6,000 சுழற்சியில் 67 குதிரைசக்தி. 4,400 சுழற்சியில் 91 நியூட்டன் மீட்டர் இழுவிசை. இதே குடும்பத்து இஞ்சினில் டர்போ பொருத்தி 2021இல் வந்தது அத்திவா. அதற்கு 140 நியூட்டன் மீட்டர், அதுவும் 2,400 சுழற்சியிலேயே கிடைத்துவிடும்.

பாகான் செராயின் வயல்வெளிச் சாலைகளில் இந்த வித்தியாசம் தெரியாது. கோலகங்சார் தாண்டி, மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் நான்கு பேரோடு ஏர்கோனும் ஓடினால் தெரியும். இஞ்சின் கத்தும். பயப்பட வேண்டாம். அதன் பலம் மேல் சுழற்சியில் இருப்பதால், அங்கே போய் எடுத்து வருகிறது, அவ்வளவுதான்.

சிவப்பு விளக்கில் வரும் லேசான நடுக்கமும் நோயல்ல. நான்கு சிலிண்டரில் அரைச் சுற்றுக்கு ஒருமுறை எரிபொருள் எரியும். மூன்றில் அந்த இடைவெளி அதிகம். ஆனால் நடுக்கம் திடீரென்று கூடினால் ஸ்பார்க் பிளக்கையும் இஞ்சினைத் தாங்கும் ரப்பரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தோட்டத்தில் லாரி ஓட்டிய அப்பா ஒன்று சொல்வார்: "இல்லாத பொருள் பழுதாகாதுய்யா." புகைச்சூட்டில் நிமிடத்துக்கு லட்சம் முறைக்கு மேல் சுழலக்கூடிய டர்போ இதில் இல்லை, அதற்கான குழாய்களும் குளிர்விப்பானும் இல்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது தானே காற்றை இழுத்துக்கொள்கிறது. 1994இல் வந்த காஞ்சிலில் டைமிங் பெல்ட்டைக் காலம் பார்த்து மாற்ற வேண்டும். இதில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி.

அதற்காக எதையும் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. எண்ணெயைத் தள்ளிப்போட்டால் அந்தச் சங்கிலியும் தேயும். ரேடியேட்டரில் கூலண்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே அரிக்கும். வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டுங்கள். 'வீடு வரைக்கும்' என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிடலாம்.

வாரா வாரம் முழுச் சுமையோடு மலையேறுகிறவர்கள் டர்போ வாங்கட்டும். எண்ணெயை மட்டும் தவறாமல் மாற்றட்டும். மற்றவர்கள் ஒரு கணக்குப் போடுங்கள். கார்க் கடன் அதிகபட்சம் ஒன்பது ஆண்டு. பத்தாம் ஆண்டிலும் தகராறு இல்லாமல் ஓடினால், அந்தத் தவணைப் பணம் முழுதும் வீட்டுக்கு. எங்களுக்கு அது அம்மாவின் மருந்துச் செலவு.