முதலீடு கிடைத்தால் பாயசமா?

பிள்ளைக்கு வேலை கிடைத்தால் நம் வீடுகளில் பாயசம் வைப்போம். வீடு வாங்கினால் பால் காய்ச்சுவோம். அண்மைக் காலமாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "தம்பி கம்பெனிக்கு முதலீடு கிடைத்துவிட்டது!" என்று சொல்லி, 2021ல் என் அக்கா உறவினர் எல்லாரையும் விருந்துக்கு அழைத்தார். உணவகங்களுக்கு மளிகைச் சாமான் தருவிக்கும் செயலியை அவர் மகன் நடத்திவந்தான். துணிகர முதலீட்டு நிறுவனம் ஒன்று அதில் 4 மில்லியன் வெள்ளி போட்டது.

30 ஆண்டுகள் கணக்கு எழுதியே பிழைத்தவன் நான். அக்கா மகனை நினைத்து எனக்கும் பெருமைதான். ஆனால், இது எப்படிப்பட்ட பணம் என்று தெரிந்துகொண்டு கொண்டாடுவது நல்லது.

அந்தக் காலத்தில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் செட்டியாரிடம் கடன் வாங்கியவர் வட்டி கட்டினார். கடைக்காரர் பெரும் பணக்காரர் ஆக வேண்டும் என்று செட்டியார் எதிர்பார்க்கவில்லை. அசலும் வட்டியும் வந்தால் போதும். துணிகர முதலீட்டாளர் வட்டியும் கேட்பதில்லை, அடகும் கேட்பதில்லை. நிறுவனத்தில் பங்கு கேட்கிறார். நிறுவனம் தோற்றால் அவர் பணமும் போய்விடும். 2022ல் எஃப்டிஎக்ஸ் மின்னிலக்க நாணயச் சந்தை திவாலானபோது, நம் தெமாசெக்கே 275 மில்லியன் அமெரிக்க டாலர் முதலீட்டை முழுமையாகக் கணக்கிலிருந்து நீக்க நேர்ந்தது.

துணிகர முதலீட்டாளர் போடுவதில் பெரும்பகுதி அவருடைய சொந்தப் பணமும் அன்று. ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழக நிதிகள், அரசாங்க முதலீட்டு நிறுவனங்கள், செல்வந்தர்கள் ஆகியோர் கொடுத்தது. ஏறக்குறைய 10 ஆண்டுகளில் அதைப் பெருக்கித் திருப்பித் தர வேண்டும். ஆண்டுக்கு 2 விழுக்காடு நிர்வாகக் கட்டணம், லாபத்தில் 20 விழுக்காடு என்பது அவருக்கு வழக்கமான கூலி.

ஒரு நிதியின் 100 மில்லியன் வெள்ளியை 300 மில்லியனாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பணம் பெற்ற 20 நிறுவனங்களில் பாதி மூடப்படலாம். சில, போட்ட பணத்தை மட்டும் மீட்டுத் தரலாம். மீதமுள்ள ஒன்றிரண்டுதான் எல்லாருக்கும் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டும். 1957ல் பாஸ்டன் நிறுவனம் ஒன்று 'டிஜிட்டல் எக்யுப்மென்ட்' என்ற கணினி நிறுவனத்தில் 70,000 டாலர் போட்டது. சுமார் 15 ஆண்டுகளில் அந்தப் பங்கின் மதிப்பு பல நூறு மில்லியன் டாலரானது. இத்துறை இன்றுவரை தேடுவது அப்படி ஒரு நிறுவனத்தைத்தான்.

அதனால் அக்கா மகனிடமும், "லாபம் பிறகு பார்க்கலாம், முதலில் வளருங்கள்" என்றார்கள். கோலாலம்பூரில் அலுவலகம் திறந்தான். விலைக்கழிவு அள்ளிக் கொடுத்தான். கையைக் கடிக்காமல் ஓடிய வியாபாரம் மாதந்தோறும் நட்டம் காட்டியது. 2022ல் அமெரிக்க வட்டி விகிதம் ஏறத் தொடங்கி, அடுத்த ஆண்டு 5 விழுக்காட்டைத் தாண்டியது. பத்திரமான இடத்தில் போட்டாலே வட்டி வரும்போது, துணிகரத்துக்கு யார் அவசரப்படுவார்கள்? அடுத்த சுற்று முதலீடு வரவில்லை. நிறுவனம் 3 மில்லியன் வெள்ளிக்கு விலைபோனது.

"மாமா, கம்பெனியை விற்றாயிற்று. எனக்கு ஏன் ஒரு காசுகூட வரவில்லை?" என்று கேட்டான். ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். நிறுவனம் விற்கப்பட்டால், முதலீட்டாளர் போட்ட தொகை முதலில் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். மிஞ்சியதே மற்றவர்களுக்கு என்றது ஒரு விதி. போட்டது 4 மில்லியன், விற்றது 3 மில்லியன். மிஞ்ச என்ன இருக்கிறது? இதில் மோசடி எதுவும் இல்லை. இத்துறையில் இது சாதாரண விதி. அவனைவிட, சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு பங்குரிமையை நம்பி வேலை பார்த்த 11 பேரை நினைத்துத்தான் எனக்கு மனம் கனத்தது.

இப்போது காற்று வேறு பக்கம் வீசுகிறது. நிறுவனங்களைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோவது கடினமானதால், பல நிதிகள் பணத்தைத் திருப்பித் தர முடியாமல் திணறுகின்றன. புதிய பணத்தில் பெரும்பங்கு செயற்கை நுண்ணறிவின் பக்கம் போகிறது. 2025ல் ஓப்பன்ஏஐ ஒன்றே 40 பில்லியன் டாலர் வரையிலான முதலீட்டுச் சுற்றை அறிவித்தது. மற்றவர்களிடம், "லாபம் எப்போது?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்கிறார்கள். அக்கா மகனின் பழைய, நிதானமான வியாபாரத்துக்கு இந்தக் கேள்வி பொருந்தியிருக்கும்.

துணிகர முதலீடு கெட்டது என்று நான் சொல்லவில்லை. புதிய மருந்து, புதிய சில்லு போன்றவற்றுக்கு வங்கி கடன் தராது; இந்தப் பணம்தான் துணை. ஆனால், எல்லாத் தொழிலுக்கும் இது ஏற்றதன்று. உங்கள் பிள்ளைக்கு முதலீடு வந்தால், விற்கும்போது யாருக்கு முதலுரிமை என்று கேளுங்கள். சம்பளத்துக்குப் பதில் பங்கு தருகிறார்கள் என்றால், அதற்கு முன்னால் வரிசையில் எவ்வளவு பணம் நிற்கிறது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பாயசம் அதற்குப் பிறகு வைக்கலாம்.