சஹ்யாத்திரியின் அடிவாரத்திலே

சயானில் குடியிருக்கும் தமிழருக்கு எல்லை என்பது புதிய சொல் அன்று. நமது ரயில் நிலையப் பலகையில் மராட்டியில் 'ஷீவ்' என்று எழுதியிருப்பதை நாள்தோறும் காண்கிறோம். அச்சொல்லுக்கு எல்லை என்பதே பொருள். முன்னாளில் மும்பைத் தீவு இவ்விடத்தில் முடிந்து, சாஷ்டித் தீவு அப்பால் தொடங்கியது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கம்பெனியார் அவ்வெல்லையைக் காக்க எழுப்பிய கோட்டை, அருகிலுள்ள குன்றின்மேல் சிதைந்த நிலையில் இன்றும் நிற்கிறது.

தீவுகள் இணைந்து பெருநகராகிப் பல தலைமுறைகள் கழிந்துவிட்டன. ஆயினும், நம்மில் பலருக்கு மராட்டிய நாட்டைப் பற்றிய அறிவு இன்னும் அந்தப் பழைய எல்லையிலேயே நின்றுவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை சொந்த ஊருக்குச் செல்கிறோம். எஞ்சிய நாளெல்லாம் வீடும் தொழிலும் கடைவீதியுமாகக் கழிகின்றன. இடையிலுள்ள மலையும் வயலும் நமக்கு ரயில் ஜன்னலில் ஓடி மறையும் காட்சியே. இந்நகரில் பிறந்து வளரும் நம் குழந்தைகளேனும் இந்நாட்டை விடுதி என்று எண்ணாமல் வீடு என்று எண்ண வேண்டாவா?

அன்பர்களே, அம்மலைகள் நமக்கு அந்நியமானவையும் அல்ல. தபதி நதிக்குத் தெற்கே தொடங்கிக் குமரிமுனை வரை ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையைத்தான் இங்குள்ளோர் சஹ்யாத்திரி என்கின்றனர். குற்றாலத்தில் அருவியாக இறங்குவதும், பொதிகையாக ஓங்கி நிற்பதும், இகத்புரிக்கு அப்பால் கள்சூபாய் என்னும் சிகரமாக உயர்வதும் ஒரே மலைத்தொடரே. நெல்லைச் சீமையினின்று தாராவிக்கு வந்து வேரூன்றிய குடும்பங்கள், தாம் விட்டுவந்த மலையின் மறுமுனையருகே வாழ்கின்றன என்றால் அது மிகையாகாது.

கள்சூபாய் 1,646 மீட்டர் உயரமுடையது; மராட்டிய மாநிலத்தில் அதனினும் உயர்ந்த சிகரம் இல்லை. என் போன்ற ரயில்வே ஊழியர் சிலர் வார ஓய்வு நாளில் இரவோடிரவாகப் புறப்பட்டு, விடியலில் மலையேறி, மறுநாள் இரவே வீடு திரும்புவதுண்டு. இளைஞருக்கு அது பொருந்தும். குடும்பத்தோடு செல்ல அது வழியன்று. ஒருமுறை நான் திரும்பி வந்து சிகரத்தின் காட்சியை வருணித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி, "நீங்கள் கண்ணால் கண்ட மலையை நாங்கள் காதால் மட்டுமே காண வேண்டுமோ?" என்று கேட்டாள். வீட்டிலோ ஒன்பது வயது மகனும், முழங்கால் வலியால் மாடிப்படி ஏறவும் வருந்தும் என் தாயாரும் இருக்கின்றனர். அனைவரையும் அழைத்துச் செல்வது எங்ஙனம் என்ற வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

அமெரிக்காவில் அப்பலாச்சியன் நெடும்பாதை என்று ஒன்று உண்டு. 1937இல் நிறைவுற்ற அப்பாதை பதினான்கு மாநிலங்களின் ஊடே ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் செல்கிறது. அதில் முழுதும் சுமையைத் தூக்கிக்கொண்டு நடப்போர் ஒரு வகையினர். மற்றொரு வகையினர், வீடுபோல் அமைந்த வண்டியைப் பாதையோரத்து முகாம் வெளியில் நிறுத்திவிட்டு, குடும்பத்தை அங்கே தங்கவைத்து, சிறு பையோடு பகலில் நடந்து மாலையில் வண்டிக்குத் திரும்புகின்றனர். இருப்பு ஓரிடம், நடை பலவிடம் என்பதே அதன் தத்துவம். நமக்கு வீட்டு வண்டி இல்லை. ஆயின், அத்தத்துவத்துக்கு வண்டி இன்றியமையாததும் அன்று. அடிவாரத்தில் ஒரு கூடாரம் போதும்.

அதற்கு ஏற்ற இடம் பண்டார்தரா. பிரவரை ஆற்றின் குறுக்கே ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பெற்று 1926இல் திறக்கப்பட்ட வில்சன் அணையும், அதனால் தேங்கி நிற்கும் ஆர்தர் ஏரியும் அங்குள்ளன. ஏரிக்கரையில் உள்ளூர் இளைஞர்கள் கூடாரங்களை அமைத்து வாடகைக்கு விடுகின்றனர். மெத்தை, போர்வை, இருவேளை உணவு, கழிப்பிட வசதி ஆகியவற்றை முன்கூட்டியே தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொள்ளலாம். கள்சூபாய்க்கு ஏறும் பாரி கிராமம் அங்கிருந்து ஜீப்பில் எளிதில் செல்லும் தொலைவில் உள்ளது. ரத்தன்கட் என்னும் மலைக்கோட்டையின் அடிவாரமான ரத்தன்வாடியோ ஏரியின் மறுகோடியில் இருக்கிறது.

சென்ற டிசம்பரில் வார ஓய்வோடு மூன்று நாள் விடுப்பையும் சேர்த்துக்கொண்டு நால்வரும் புறப்பட்டோம். சென்னை செல்லும் வண்டிகள் கர்ஜத்துக்கும் லோணாவ்லாவுக்கும் இடையே மலையேறுவதை நாம் அறிவோம். நாசிக் செல்லும் வண்டிகள் ஏறுவது வேறொரு கணவாய். தள் காட் என்பது அதன் பெயர். கசாராவினின்று இகத்புரி வரையுள்ள இவ்விருப்புப் பாதை 1865இல் திறக்கப்பட்டது. 37 அடி முன்னேறினால் 1 அடி உயரும் செங்குத்தான ஏற்றம் அது. ஆதலின், கசாராவில் வண்டியின் பின்புறம் துணை எஞ்சின்களை இணைத்து உந்தித் தள்ளுகின்றனர். முன்னே இழுக்கும் எஞ்சினைக் காண்போர் பலர்; பின்னே தள்ளுவதை எண்ணுவோர் சிலர். நடப்பவனுக்கு அடிவார முகாமும் அத்தகைய துணையே என்பது பின்னர் எனக்கு விளங்கிற்று.

இகத்புரியில் இறங்கி ஜீப் அமர்த்திக்கொண்டோம். வழியில் கோட்டி என்றோர் ஊர். பெயரைக் கேட்டதும் நெல்லைக்காரரான என் தாயார் சிரித்த சிரிப்பு ஓய நெடுநேரமாயிற்று. ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சென்று, பொழுது சாயுமுன் ஏரிக்கரையை அடைந்தோம்.

மறுநாள் விடியுமுன் நானும் மனைவியும் மகனும் பாரி கிராமத்திலிருந்து ஏறத் தொடங்கினோம். எங்கள் சுமையெல்லாம் ஆளுக்கு இரண்டு புட்டி நீர், சிறிது புளிச்சோறு, வேர்க்கடலை, வெல்லம், ஒரு கைவிளக்கு, காயத்துக்குக் கட்டும் துணி ஆகியவையே. உடையும் போர்வையும் பாத்திரமும் கூடாரத்திலேயே இருந்தன. முதுகில் சுமை இன்மையால் சிறுவன் எங்களுக்கு முன்னே ஓடினான். செங்குத்தான பாறைகளில் இரும்பு ஏணிகள் பொருத்தப்பட்டுள்ளன. அங்கு மட்டும் அவனை இருவருக்கும் இடையே நிறுத்தி ஏற்றினோம். மூன்றரை மணி நேரத்தில் உச்சியை அடைந்தோம்.

உச்சியில் கள்சூபாய் அம்மனுக்குச் சிறிய கோயில் ஒன்று உள்ளது. நவராத்திரியில் சுற்றுவட்டாரத்து மக்கள் திரளாக ஏறி வந்து வழிபடுகின்றனர். அங்கு நின்று நோக்கினால், மேற்கே அலங்க், மதன், குலங்க் என்னும் மூன்று கோட்டைகளும், தெற்கே ஏரியும் அதற்கப்பால் ரத்தன்கடும் தெரிகின்றன. இம்மலை முதுகுக்கு மேற்கே விழும் மழை அரபிக்கடலை நோக்கி ஓடும். கிழக்கே விழுவது பிரவரையில் கலந்து, கோதாவரி வழியாக வங்கக் கடலை அடையும். என் மனைவி அதனைக் கேட்டு, "அப்படியானால் நம்மூர்க் கடலுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது" என்றாள். பூகோள நூலில் எத்தனை முறை படித்தாலும் இங்ஙனம் மனத்தில் பதியாது.

நாங்கள் மலைமேல் இருந்தபோது அடிவாரத்தில் நிகழ்ந்ததே இப்பயணத்தின் பெரும்பயன் என்று கருதுகிறேன். கூடாரம் நடத்தும் இளைஞரின் தாயார், தனியே அமர்ந்திருந்த என் தாயாரைத் தம் அடுப்பங்கரைக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். அங்கே தட்டிக்கொண்டிருந்தது நாசணி பாக்ரி. மாவைக் கையில் எடுத்துப் பார்த்த என் தாயார், "இது நம் கேழ்வரகு அல்லவா!" என்று தாமும் அமர்ந்து தட்டத் தொடங்கிவிட்டார். மராட்டியில் 'தாயி' என்றால் தமக்கை. என் தாயாரோ அதைத் தமிழ்த் தாயி என்றே கொண்டு அவ்வம்மையாரை விளித்தார். இருவருக்கும் அது பொருத்தமாகவே இருந்தது.

மாலையில் நாங்கள் திரும்பியதும், பள்ளியில் மராட்டி பயிலும் என் மகன் இருவருக்கும் மொழிபெயர்ப்பாளன் ஆனான். அவ்வம்மையாரை அவன் 'ஆஜி', அதாவது பாட்டி, என்று அழைத்தான். பேச்சு அவருடைய மகளைப் பற்றிச் சென்றது. மணமாகி ஷஹாபூர்ப் பக்கம் சென்ற அம்மகள், கோடையில் கிணறு வற்றியதும் ஒவ்வொரு குடத்துக்கும் நெடுந்தொலைவு நடக்கிறாளாம். சில நாள் லாரியில் தண்ணீர் வருமாம்.

ஷஹாபூர் என்றதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. மும்பைக்கு நீர் தரும் ஏழு ஏரிகளுள் விஹார், துளசி இரண்டும் நகருக்குள் உள்ளவை. தான்சா, பாத்சா, மோடக் சாகர், மத்திய வைதர்ணா, மேல் வைதர்ணா ஆகிய ஐந்தும் தாணே, பால்கர், நாசிக் மாவட்டங்களின் இம்மலைப் பகுதியைச் சார்ந்தவை. நகரத்தின் நீரில் ஏறக்குறையப் பாதியைத் தரும் பாத்சா, ஷஹாபூர் வட்டத்திலேயே உள்ளது. அதே வட்டத்தின் சிற்றூர்கள் ஆண்டுதோறும் கோடையில் லாரித் தண்ணீரை எதிர்நோக்குகின்றன. இதனை நான் எடுத்துக் கூறியபோது என் தாயார் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "விடியற்காலையில் நாம் எழுந்து பிடிக்கும் தண்ணீர் இந்த அம்மாவின் மகள் ஊரிலிருந்தா வருகிறது?" என்று கேட்டார். மகன் அதை மொழிபெயர்க்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அவ்வம்மையார் கேட்டுவிட்டு, கோபம் சிறிதுமின்றி, இன்னொரு பாக்ரியை என் தாயாரின் தட்டில் இட்டார்.

சுமையோடு விரைந்து கடந்து செல்பவனுக்கு இத்தகைய உரையாடல் கிட்டாது. ஒரே இடத்தில் மூன்று இரவு தங்கினால்தான் அடுப்பங்கரை வரை உறவு வளரும்.

மூன்றாம் நாள் நால்வரும் ரத்தன்வாடி சென்றோம். அங்குள்ள அமிருதேசுவரர் ஆலயம் கல்லிலே நுண்ணிய வேலைப்பாடு அமைந்த பழங்கோயில். தாயாரும் மனைவியும் அங்கே தரிசனம் செய்து தங்க, நானும் மகனும் வழிகாட்டி ஒருவருடன் ரத்தன்கட் ஏறினோம். அதன் உச்சியில் பாறையை ஊடுருவி ஊசிக்காது போன்ற ஓர் இயற்கைத் துவாரம் உள்ளது. அதனை 'நேடே' என்பர். நெடுநடை விரும்புவோர் ரத்தன்கடிலிருந்து காத்ராபாய்க் கணவாய், கும்ஷேத், பாச்நயி ஆகியவற்றின் வழியாக ஹரிச்சந்திரகட் வரை இரண்டு நாளில் நடக்கலாம். அந்நடையிலும் முகாம் பயன்படும். நடப்போர் மலை வழியே செல்ல, குடும்பத்தார் சாலை வழியே ஜீப்பில் பாச்நயி சென்று அவர்களை எதிர்கொள்ளலாம்.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள் கூறுவது என் கடமை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். இரவில் குளிர் கடுமையாதலின் கம்பளி வேண்டும். மழைக்காலத்தில் அருவிகள் அழகுதான். ஆயின் குழந்தைகளோடு நீரில் இறங்குதல் கூடாது. 2024 ஜூன் 30ஆம் நாள் லோணாவ்லாவில் பூஷி அணையின் பின்புறத்து அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரே குடும்பத்தினர் ஐவரை அடித்துச் சென்றதை மறத்தலாகாது. இப்பகுதி கள்சூபாய்–ஹரிச்சந்திரகட் வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. ஆகவே கண்ட இடத்தில் தீ மூட்டுதலும், உரத்த பாட்டும், பிளாஸ்டிக்கை எறிதலும் தகாதன. கொண்டு சென்றதைத் திரும்பக் கொண்டு வருக. நடப்பவர் எவ்வழி செல்கிறார், எப்போது திரும்புவார் என்பதைத் தங்குபவரிடம் சொல்லிச் செல்க.

இன்னும் ஒன்று. அடிவாரத்தில் தங்கும் பெண்டிர் அங்கேயும் அனைவருக்கும் சமைத்துக்கொண்டிருந்தால், அது அவர்களுக்குப் பயணம் ஆகாது. ஓட்டுக் கூரைக்குப் பதில் துணிக்கூரை, அவ்வளவே. உணவை ஊராரிடமே விலை கொடுத்துப் பெறுக. நமக்கு ஓய்வு; அவர்களுக்கு வருவாய். ஏறுவதும் தங்குவதும் முறை மாற்றி அமையட்டும். நாங்கள் நான்காம் நாள் காலை அவ்வாறே செய்தோம். நான் தாயாரோடு ஏரிக்கரையில் அமர்ந்திருக்க, மனைவியும் மகனும் வழிகாட்டியுடன் அருகிலுள்ள குன்றுக்குச் சென்று வந்தனர்.

சொந்த ஊர்ப் பயணத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. அது நம் வேர். ஆயினும், ஆண்டில் நான்கு நாளேனும் நமக்கு நீரும் வாழ்வும் தரும் இம்மலையடியில் குடும்பத்தோடு தங்குவோம். நடக்க வல்லார் நடக்கட்டும். மாட்டார் அமர்ந்து பேசட்டும். வரும் தைத் திங்களில் நம் சங்கத்துக் குடும்பங்கள் நான்கைந்து சேர்ந்து புறப்படின், வழியும் ரயில் நேரமும் கூற நான் ஆயத்தமாக இருக்கிறேன். என் தாயார் இப்பொழுதே ஒரு பையில் அரைப்படி நம்மூர்க் கேழ்வரகு எடுத்து வைத்திருக்கிறார். அத்தாயிக்குக் கொடுக்க வேண்டுமாம்.