எந்தப் பக்கம்?

மாசி கழிந்து பங்குனி வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில், யாழ்ப்பாணத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களிடையே ஒருவகைக் காய்ச்சல் பரவுவதுண்டு. வங்கி முகாமையாளர், சட்டத்தரணி, வைத்தியர், பென்சன்காரர் என்று எவரையும் அது விட்டுவைப்பதில்லை. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் விடுமுறை எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் இந்தக் காய்ச்சலோடுதான் வந்து இறங்குகிறார்கள். 'வடக்கின் பெரும் போர்' என்பது அதன் பெயர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே 1904 ஆம் ஆண்டு தொடங்கிய கிரிக்கெட் ஆட்டம் அது.

அமெரிக்காவிலே பிழைக்கும் என் மருமகன் ஒருவன், அங்கும் மார்ச் மாதம் இப்படித்தான் என்கிறான். கல்லூரி அணிகள் பல கூடைப்பந்து ஆடுமாம். தோற்ற அணி அன்றே வீடு திரும்பவேண்டியதுதான். அது முடிவதற்குள் பேஸ்போல் பருவம் பிறந்துவிடுமாம். "மாமா, மார்ச்சிலே இங்கே ஒருவருக்கும் வேலை ஓடாது" என்று தொலைபேசியில் சொன்னான். எனக்கும் அப்படித்தான். மூன்று நாள் 'பெரும் போர்' முடிந்து மூச்சு விடுவதற்குள் இந்தியாவில் ஐ.பி.எல். தொடங்கிவிடுகிறது. பத்திரிகையாளன் என்பது எனக்கு ஒரு வசதி. மைதானத்தில் மரத்தடியில் குந்தியிருந்தாலும் அதைக் கடமை என்று சொல்லிக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் நான் அந்த இரண்டு கல்லூரிகளிலும் படித்தவனல்லன். வடமராட்சியில் ஒரு கிராமத்துப் பாடசாலைக்காரன். ஆகவே ஆண்டுதோறும் மைதான வாசலில் யாராவது ஒருவர் என்னிடம் கேட்பார்: "அண்ணை, நீங்கள் எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் வழக்கமாக நடப்பது மத்திய கல்லூரி மைதானத்தில். யாழ். பொது நூலகம், ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை, துரையப்பா விளையாட்டரங்கு எல்லாம் கூப்பிடு தூரத்தில். நூலகம் 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் எரிக்கப்பட்டது. கோட்டை 1990 ஆம் ஆண்டு மாதக்கணக்கில் முற்றுகையில் இருந்தது. அந்தச் சுற்றாடலில் குண்டு விழாத காணி ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினம். இப்படிப்பட்ட ஒரு நிலத்தின் நடுவே, வெள்ளைச் சட்டை போட்ட பதினேழு வயதுப் பையன்கள் ஒரு தோற்பந்துக்காக விழுந்து புரளுகிறார்கள். அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'போர்'.

ஆங்கிலத்திலிருந்த பெயரைத் தமிழாக்கியவர் எவரோ, அவரை நான் குறை சொல்லமாட்டேன். பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்து வாங்கில் இருந்து புறத்திணை படித்தவன் நான். பகைவர் மண்ணைக் கவரச் செல்வது வஞ்சி. மதிலை வளைப்பது உழிஞை. மதிலைக் காப்பது நொச்சி. தும்பை மட்டுமே வேறு. இரு தரப்பாரும் குறித்ததொரு களத்தில் எதிரெதிர் நின்று, மண்ணுக்காக அன்றி வலிமையையும் புகழையும் நிலைநாட்டப் பொருவது அது. கிரிக்கெட் ஆட்டம் தும்பைத் திணை. நாள் குறித்து, களம் குறித்து, நடுவரையும் வைத்துக்கொண்டு நடக்கிறது. மாலையில் இரு பக்கத்தாரும் கைகுலுக்கிப் பிரிகிறார்கள். ஆனால் என் தலைமுறை கண்டதெல்லாம் வஞ்சியும் உழிஞையும் நொச்சியும்தான்.

அக்காலத்தில் 'எந்தப் பக்கம்?' என்ற கேள்வி கிரிக்கெட்டைப் பற்றியதாக இருக்கவில்லை. சோதனைச் சாவடியிலும் கேட்டார்கள். இரவில் கதவைத் தட்டியும் கேட்டார்கள். ஒரு பக்கத்தின் பெயரைச் சொன்னால் ஆபத்து. இரண்டையும் சொல்லாமல் விட்டால் அதைவிட ஆபத்து. இதற்கு யாழ்ப்பாணத்தின் கிரிக்கெட் கொடுத்த விலையும் உண்டு. பரி. யோவான் கல்லூரி அதிபர் சி. ஈ. ஆனந்தராஜன் 1985 ஜூன் மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். போர்நிறுத்தம் நிலவிய நாட்கள் அவை. தம் மாணவருக்கும் இராணுவத்தினருக்கும் இடையே நட்புமுறையில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை ஒழுங்கு செய்ய முற்பட்டதே காரணம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் அப்போது பள்ளி மாணவன். ஓர் ஆட்டத்துக்காக ஓர் ஆசிரியரைக் கொல்ல முடியும் என்பது, அதுவரை ஆட்டம் என்றால் ஆட்டம் என்றே எண்ணியிருந்த எங்களுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது நாங்கள் பையன்களாக இருக்கவில்லை.

பிறகு நான் பத்திரிகைக்குப் போனேன். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள், பத்திரிகைத் தாள் இல்லாமல், கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் செய்தி அச்சிட்ட காலம். முதற் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் ஒரே சொற்கள்தான். தாக்குதல், முறியடிப்பு, சரிவு, பின்வாங்கல், வீழ்ந்தது. அச்சுக்கோப்பவர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்பார்: "தம்பி, இது எந்தப் பக்கத்துக்கு?" அவர் கேட்டது தாளின் பக்கத்தை. ஆனால் அறையில் இருந்த நாங்கள் ஒரு கணம் தலைநிமிர்வோம்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் ஓரிரவில் எழுந்து நடந்தது. நானும் தென்மராட்சியில் ஒரு கொட்டிலில் தஞ்சம் புகுந்தேன். அடுத்த ஆண்டு மார்ச் 17 ஆம் திகதி, இலாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஆகவே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மாறி ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர் இழுத்திருந்தோம். சுற்றுபவரின் கை சோர்ந்தால் வர்ணனையாளரின் குரலும் சோர்ந்து இறங்கும். அரவிந்த டி சில்வா மூன்று இலக்குகளையும் வீழ்த்தி, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களையும் பெற்றார். இலங்கை ஏழு இலக்குகளால் அவுஸ்திரேலியாவை வென்றது. அணியில் முரளிதரன் இருந்தார். எங்களை ஊரைவிட்டு எழுப்பிய படையும் அதே நாட்டின் பெயரைத்தான் தாங்கியிருந்தது. வென்றபோது அந்த முற்றத்தில் எவரும் கைதட்டவில்லை. எவரும் எழுந்து போகவுமில்லை. பெடல் மட்டும் இன்னும் சற்று நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. யார் எந்தப் பக்கம் என்று அன்று ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது ஒரு நாகரிகம் என்று இப்போது தோன்றுகிறது.

இவ்வளவையும் அறிந்தவனுக்கு, இன்றைய மைதானத்தில் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துவது எப்படிக் கேட்கும் என்று சொல்லவேண்டுமா? ஒரு பக்கம் பாண்ட் வாத்தியம். எதிர்ப் பக்கம் அதைவிடப் பெரிய பாண்ட் வாத்தியம். கச்சான் விற்பவர் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவர். ஒரே வீட்டில் தகப்பன் மத்திய கல்லூரியின் பழைய மாணவர், மாப்பிள்ளை பரி. யோவான் என்று மூன்று நாள் பேச்சுவார்த்தை முறிந்துபோன குடும்பங்களை நான் அறிவேன். நான்காம் நாள் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுகிறார்கள்.

ஆட்டத்தின் சுவை மூன்றாம் நாள் பிற்பகலில் இருக்கிறது. வெல்லும் அணிக்கு இன்னும் இரண்டு இலக்குகள் தேவை. தோற்கும் அணிக்கு இன்னும் பத்து ஓவர் தாக்குப்பிடித்தால் போதும். பந்துவீசத் தெரிந்த, மட்டை பிடிக்கத் தெரியாத ஒரு பையன் துடுப்போடு நடந்து வருகிறான். தலைக்கவசம் அவனுக்குப் பெரிது. எட்டுப் பேர் அவனைச் சுற்றி வளைத்து நிற்கிறார்கள். அவன் ஒவ்வொரு பந்தையும் காலடியில் சாகடிக்கிறான். ஓட்டமே எடுக்காத அந்தப் பையனுக்கு அரைச்சதத்துக்குரிய கைதட்டல் கிடைக்கும். வெற்றி தோல்வியின்றி முடிந்த ஆட்டத்தைப் பற்றி மறுநாள் முழுவதும் பேசும் ஊர் இது. தாக்குப்பிடிப்பது என்றால் என்ன என்று இந்த ஊருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இங்கிருந்து எழுந்து போனவர்களும் உண்டு. மத்திய கல்லூரிப் பையனான விஜயகாந்த் வியாஸ்காந்த், தம் பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல் நாள், 2020 டிசம்பர் 4 ஆம் திகதி, லங்கா பிரிமியர் லீக்கில் ஜப்னா அணிக்கு முதன்முதலாகப் பந்துவீசினார். அவர் வீழ்த்திய முதல் இலக்கு அஞ்சலோ மத்தியூஸ். யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அந்த அணிக்குத் தலைவர் திசர பெரேரா. அன்று சிங்களத் தலைவருக்காக இங்கே வெடி கொளுத்தினார்கள். 2023 ஒக்டோபரில், ஆசிய விளையாட்டு விழாவில், வியாஸ்காந்த் இலங்கை அணியிலும் ஆடினார். 2024 மே 8 ஆம் திகதி ஐதராபாத் அணிக்காக ஐ.பி.எல். ஆட்டமொன்றில் இறங்கினார். இலக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஐதராபாத்தோ 166 என்ற வெற்றி இலக்கைப் பத்து ஓவருக்குள் எட்டிவிட்டது. ஆனால் அன்றிரவு யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில், பிறந்தநாள் முதலாகச் சென்னைப் பக்கம் நின்ற பையன்கள் எல்லாம் ஐதராபாத் பக்கம் மாறியிருந்தார்கள். பக்கம் மாறியதற்காக எவரும் எவரையும் ஒன்றும் செய்யவில்லை.

கோட்டைக்கு அப்பால், பண்ணைத் தாம்போதியைக் கடந்தால் வருவது மண்டைதீவு. அங்கே சர்வதேச மைதானம் ஒன்றுக்கு 2025 செப்டெம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கற்கள் பலவற்றைப் பற்றிச் செய்தி எழுதியவன் என்பதால் அதைப் பற்றி நான் அவசரப்படுவதாயில்லை. எழும்பட்டும், பார்ப்போம்.

என்னிடம் கேட்கப்படும் கேள்விக்கு வருகிறேன். நான் பின்தங்கிய பக்கம். காலையில் மத்திய கல்லூரி ஓட்டங்களைக் குவித்தால் நான் பரி. யோவான். பிற்பகலில் நிலைமை தலைகீழானால் நானும் தலைகீழ். கொள்கையற்றவன் என்று நண்பர்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும். ஒரு நாளைக்கு மூன்று முறை பக்கம் மாறி, அதை உரத்த குரலில் சொல்லி, இருட்டுவதற்குள் சைக்கிளில் வீடு திரும்பும் சுதந்திரத்துக்கு என்ன பெறுமதி என்பதை அந்த நண்பர்களும் அறிவார்கள். அவர்களும் என் வயதினர்தாம்.