கூழாகிப்போன ஒரு பக்கம்

1891 டிசம்பரில் அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் துறைமுகத்தில் கப்பலேறினாள் ஆனி மூர். கார்க் நகரத்துப் பெண், வயது 17. கூடவே தம்பிகள் இருவர், ஆன்டனியும் பிலிப்பும். 1892 புத்தாண்டு அன்று நியூயார்க்கில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தைத் திறந்தபோது முதலில் பதிவான பெயர் அவளுடையது. பத்து டாலர் தங்கக் காசு ஒன்றையும் கையில் கொடுத்தார்கள்.

அமெரிக்கா அவளைக் கொண்டாடத்தான் செய்தது, ஆனால் ஆளை மாற்றி. டெக்சாஸில் வாழ்ந்த வேறொரு ஆனி மூரைத்தான் பல்லாண்டுகள் அவள் என்று நம்பினார்கள். அந்த அம்மாள் பிறந்ததே இல்லினாயில்! 2006இல் வம்சாவளி ஆய்வாளர் மேகன் ஸ்மொலென்யாக் உண்மையான ஆனியைத் தேடிப் பிடித்தார். அவள் நியூயார்க்கை விட்டு எங்கும் போகவில்லை. மன்ஹாட்டனின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளிலேயே இருந்து, ஜெர்மானியக் குடும்பத்து ஜோசப் ஷேயரைக் கட்டிக்கொண்டு, பதினொரு பிள்ளை பெற்று, அவற்றில் பாதிக்கு மேல் மண்ணுக்குக் கொடுத்து, 1924இல் ஐம்பது வயதில் கண்மூடினாள். குவீன்ஸ் கால்வரி கல்லறைத் தோட்டத்தில் அவளுக்குப் பெயர்க்கல் வந்தது 2008இல்தான். எனக்கு டெக்சாஸ் கதையைவிட இந்த நெருக்கடி வாழ்க்கைதான் பிடித்திருக்கிறது. வந்தவர்களில் பெரும்பாலோர் இப்படித்தானே வாழ்ந்தார்கள்.

ஆனால் என் மனம் போவது அதற்கும் முன்னே. அப்பா, அம்மா, மூத்த பிள்ளைகள் இரண்டு பேர் எல்லோரும் 1888லேயே அமெரிக்கா போய்விட்டார்கள். ஆனியும் தம்பிகளும் கார்க்கில் தங்கிவிட்டார்கள். ஏறக்குறைய நான்கு வருடம்! அந்தச் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் இருந்தார்கள்? அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தால் வீட்டில் யார் படித்துக் காட்டினார்கள்?

1891 ஏப்ரலில் அயர்லாந்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. வீட்டுக்கு ஒரு படிவம். வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு, என்ன வயது, எழுதப் படிக்கத் தெரியுமா, எல்லாம் அதில் இருக்கும். மூன்று பிள்ளைகளும் யார் கூரைக்கடியில் இருந்தார்கள் என்று ஒரே ஒரு பக்கம் சொல்லியிருக்கும். அந்தப் பக்கத்துக்குத்தான் ஏங்குகிறேன். முதல் உலகப் போர்க் காலத்தில் 1881, 1891 படிவங்களை அரசே கூழாக்கிவிட்டது. எல்லா இழப்புக்கும் 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயையே பழி சொல்வது வழக்கம். அது கொண்டுபோனது பெரும்பாலும் 1821 முதல் 1851 வரையிலான ஏடுகளை. மிச்சத்தை அழித்தது தீ அல்ல, உத்தரவு.

முன்னோரைத் தேடி வரும் அமெரிக்கர்களுக்கு இப்போது கைகொடுப்பவை கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள். அவற்றில் ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். சித்தியோ மாமனோ அங்கேதான் பிடிபடுவார்கள். 1922 தீக்கு முந்தைய கணக்கெடுப்புகளில் முழுதாகத் தப்பியவை 1901, 1911 ஏடுகள். அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். அதற்குள் ஆனி மன்ஹாட்டனில் பிள்ளைக்காரி.