பாலையில் ஒரு குடம் தண்ணீர்

தஞ்சாவூர்க்காரர்களாகிய எங்களுக்கு மலையும் கிடையாது, பாலையும் கிடையாது. நாங்கள் அறிந்த உயரமெல்லாம் பெரிய கோயிலின் விமானம்தான். அதற்கும் கல்லை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே, நாற்பதைத் தாண்டிய நண்பர்கள் நால்வருக்குச் சாகச ஆசை வந்தபோது, போக முடிந்த இடம் கோடியக்கரை ஒன்றுதான்.

மாசி மாதம். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வரை அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து பச்சை கட்டியிருந்தது. வேதாரண்யம் கடந்ததும் அந்தப் பச்சை நின்றுவிட்டது. அகஸ்தியம்பள்ளியிலிருந்து கண் கூசும் வெண்மை; உப்பளப் பாத்திகள், அவற்றுக்கப்பால் வெடித்துக் கிடக்கும் களர்நிலம். ஒரு காலத்தில் இதுவும் தஞ்சை மாவட்டம்தான். 1991இல் நாகப்பட்டினத்தோடு பிரிந்துபோனது.

சரணாலயத்தில் வெளிமான்களைப் பார்த்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த காடு அது. அங்கே மிகுதியாக வளர்வது பாலை மரம். திணைக்குப் பெயர் தந்தது இதுதானா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. பிறகு ராமர் பாதம் ஏறினோம். இராமர் நின்று இலங்கையை நோக்கியதாகச் சொல்லப்படும் மணல்மேடு. ஏறி முடிக்க இரண்டு நிமிடம் ஆகவில்லை. ஆனாலும் அந்த வட்டாரத்தில் அதைவிட உயரமில்லை என்பதால் மலையேறிய பெருமிதத்தோடு படமெடுத்துக் கொண்டோம்.

விபரீதம் திரும்பும் வழியில் நேர்ந்தது. உப்பள வரப்பில் நடந்துகொண்டிருந்தபோது தூரத்தில் பூநாரைகள் தெரிந்தன. இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்று ஒரு நண்பர் வரப்பை விட்டு இறங்கினார். மேலே காய்ந்த ஏடு, அடியில் சேறு. முழங்கால் வரை போனார், காலை உருவ முயன்றார், தொடை வரை போனார். வந்தியத்தேவனைக் கல்கி புதைசேற்றில் இறக்கிப் பூங்குழலியை விட்டுக் காப்பாற்றியது இந்தக் கோடிக்கரையில்தான். நண்பர் 'பொன்னியின் செல்வ'னை மூன்று முறை படித்தவர். அது உதவவில்லை. கரையில் நின்ற எங்களுக்கும் கை கால் ஓடவில்லை.

உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டிதான் ஓடிவந்தார். "உதைக்காதீங்க தம்பி, அப்படியே மல்லாந்து படுங்க" என்றார். உப்பு வாரும் பலகையை நீட்டி அவரைப் பிடிக்கச் சொல்லி, மெல்ல மெல்ல ஒவ்வொரு காலாக விடுவித்தார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். செருப்புகள் சேற்றிலேயே தங்கிவிட்டன.

எங்கள் பாட்டில்கள் எப்போதோ காலியாகியிருந்தன. நண்பரின் உதடு வெளுத்திருந்ததைப் பார்த்து, அவர் ஓலை போட்டு மூடிவைத்திருந்த பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்தார். முதலில் நண்பர் குடித்தார். பிறகு, வெட்கமின்றி நாங்கள் மூவரும் குடித்தோம். முகமும் கழுவினோம்.

1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகிகள் இதே வழியாகத்தான் நடந்து வந்தார்கள். அவர்களுக்கு உணவோ இடமோ தருபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். அப்படியும் சனங்கள் சோறு போட்டார்கள். இந்தக் கதையைக் காரில் வரும்போது நாங்களே பெருமையாகப் பேசிக்கொண்டு வந்தோம். காவிரியில் தண்ணீர் வரவில்லை என்று ஒவ்வோராண்டும் ஆனியில் குமுறுகிறவர்களும் நாங்கள்தான்.

பணம் நீட்டினோம். அவர் வாங்கவில்லை. "பொழுது சாய இன்னும் நேரம் கெடக்கு" என்று பாத்திக்குத் திரும்பிவிட்டார். தண்ணீர் எங்கிருந்து சுமந்து வருகிறார் என்று கேட்கவேண்டுமென்று காரில் ஏறிய பிறகுதான் தோன்றியது. குடத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அது எவ்வளவு இலேசாக இருந்தது என்பது மட்டும் கையில் இன்னும் இருக்கிறது.